கரையைப் பார்

லால் பகதூர் சாஸ்திரி எந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார் என்று போட்டித் தேர்வுப் புத்தகங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். விடை, அரியலூர். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த ரயில் ஏன் கவிழ்ந்தது, அதில் போனவர்கள் யார், மழை இரவுகளில் இன்றைக்கு அந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள் என்று எந்தப் புத்தகமும் கேட்பதில்லை. நான் ரயில்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்விகளை என் காலத்துக்குள் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1956 நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. கார்த்திகை பிறந்து ஒரு வாரம். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து முந்தின இரவு கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விருத்தாசலம் தாண்டி, அரியலூர் தாண்டி, திருச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. இழுத்தது நீராவி இன்ஜின். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சியிலோ மதுரையிலோ விருதுநகர், கோவில்பட்டிப் பக்கமோ இறங்க வேண்டியவர்களாக இருந்திருப்பார்கள். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் அநேகமாக எல்லோரும் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையில் மருதையாற்றுப் பாலம். வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்கரையை அரித்துக் கொண்டுபோயிருந்தது. இன்ஜினும் அதற்கு அடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கு மேல். காயம்பட்டவர்கள் 100 பேருக்கு மேல்.

மருதையாற்றைக் கோடையில் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணலும் முட்செடியுமாகக் கிடக்கிற ஆறு அது. பச்சைமலைப் பக்கம் கொட்டுகிற மழையை வாங்கிக்கொண்டு பெரம்பலூர், அரியலூர்ச் சீமை வழியாக வந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பயப்படுகிற மனிதர்கள் இந்த மாதிரி ஆறுகளுக்குப் பயப்படுவதில்லை. பெரிய ஆற்றில் தண்ணீர் வருவது நாலு நாள் முன்பே தெரிந்துவிடும், மேலே அணை இருக்கிறது, கணக்கு வைக்க ஆள் இருக்கிறார்கள். காட்டாறு அப்படி இல்லை. மேற்கே மலையில் ராத்திரி பெய்தது, கீழே மழையே இல்லாத ஊருக்குள் விடியற்காலையில் வந்து நிற்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். ஒரு மழை நாளில் பாலத்து மேல் நின்றுகொண்டு, தூண்களில் மோதிச் சுழித்துப் போகிற செந்தண்ணீரையே நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோளைத் தட்டி, "தம்பி, தண்ணியப் பாக்காத. கரையப் பாரு" என்றார். அதன் பொருளை இரண்டு மூன்று மழைக்காலம் போன பிறகுதான் முழுசாக உணர்ந்தேன்.

பாலம் கல்லாலும் இரும்பாலும் கட்டியது. அதற்கு இரண்டு பக்கமும் பாதையைத் தாங்கி நிற்பது மண். பாலத்தின் கடைசிச் சுவர் முடிந்து மண்கரை தொடங்குகிற அந்த மூலைதான் பலவீனமான இடம். பாலத்தின் கண்கள் வழியாகப் போக முடியாத தண்ணீர் ஓரத்தில் தேங்கி, சுழன்று, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். முதலில் ஜல்லிக்கு நடுவே கையளவு பள்ளம் தெரியும். கரைச் சரிவில் புல் வேரோடு கழன்று தொங்கும். அப்புறம் அடியில் பொந்து விழும். மண் முழுக்கப் போன பிறகும் தண்டவாளம் போகாது. அதுதான் இதிலுள்ள கொடுமை. இரண்டு கம்பியும், அவற்றோடு பிணைந்த ஸ்லீப்பர் கட்டைகளும் அந்தரத்தில் அப்படியே நேராகத் தொங்கிக்கொண்டிருக்கும். இன்ஜின் விளக்கு வெளிச்சத்தில் டிரைவருக்குத் தெரிவது முன்னால் நீண்டு போகிற இரண்டு கம்பிகள் மட்டுமே. அடியில் தரை இல்லை என்று அவருக்குச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். முன்கூட்டியே அந்த இடத்துக்கு நடந்து போனவன்.

மழைக்கால ரோந்து என்று ரயில்வேயில் ஒரு வேலை உண்டு. ராத்திரி முழுக்கப் பாதையில் நடப்பது. தோளில் பை, கையில் தடி, சிவப்பும் பச்சையும் காட்டுகிற கைவிளக்கு, டெட்டனேட்டர், ஒரு ரோந்துப் புத்தகம். தன் எல்லை வரை நடந்து போய், எதிர்த் திசையிலிருந்து வருகிற ஆளிடம் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பாலங்களில் அபாய அளவு கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால், கரை அரித்தால், ரயிலை நிறுத்தியாக வேண்டும். இப்போதைய பிராட் கேஜ் விதிப்படி, ஆபத்தான இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் தண்டவாளத்தின் மேல் பொருத்த வேண்டும். சக்கரம் ஏறியதும் வேட்டுப்போல வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. கொட்டுகிற மழையில், காற்றில் அணையப் பார்க்கிற விளக்கோடு, ஜல்லி மேல் வழுக்கி வழுக்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற மனிதனை நினைத்துப் பாருங்கள். அவன் ஓடி நிறுத்திவிட்டால் ரயில் அரை மணியோ ஒரு மணியோ தாமதமாகப் போகும். உள்ளே இருக்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்கள். பத்திரிகையில் ஒரு வரி வராது.

அந்த ஆட்களைத்தான் நான் அரியலூரோடு சேர்த்து நினைக்கிறேன். இறந்தவர்களை நினைப்பதென்றால், அதே மாதிரி இன்னொரு கூட்டம் சாகாமல் பார்த்துக்கொள்கிறவர்களையும் நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சாஸ்திரியின் செயலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வருஷமே சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் பக்கம் பாலம் சரிந்து 110 பேருக்கு மேல் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட மரபுக்கு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் அதை ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார். ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசன் நம்மூர்க்காரர் என்பதால் இங்கே கோபமெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. அடுத்த வருஷத் தேர்தலில் முதன்முதலாகப் போட்டியிட்ட தி.மு.க. இந்த விபத்தை மேடைதோறும் எழுப்பியது. மக்கள் செத்திருக்கிறார்கள், கேட்பதில் தவறில்லை. பதவியில் இருப்பவன் தலை குனிய வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் அமைச்சர் போனதோடு பொறுப்புக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று ஊர் நினைத்துவிட்டால், அங்கே ஒரு ஆபத்து தொடங்குகிறது.

2005 அக்டோபர் 29. ஆந்திராவில், இன்றைய தெலங்கானாவில் இருக்கிற வலிகொண்டா. மேலே ஏரி உடைந்து பெருகிய வெள்ளம் ஒரு சின்ன ரயில் பாலத்தை அடித்துப் போய்விட்டது. விடியற்காலை இருட்டில் வந்த டெல்டா பாசஞ்சர் அந்தப் பள்ளத்தில் விழுந்தது. இறந்தவர்கள் 100 பேருக்கு மேல். அரியலூருக்கும் அதற்கும் நடுவில் 49 வருஷம். அதே இருட்டு, அதே வெள்ளம், அதே அரித்துப்போன தடம். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாடம் படித்துவிட்டோம் என்று ஒரு தலைமுறை நம்பிக்கொண்டிருக்கும்போதே பாடம் மறந்து போகிறது. படித்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விடுகிறார்கள், புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நம் பக்கத்தில் ஆபத்து பெரும்பாலும் ஆற்றிலிருந்து வருவதில்லை, ஏரியிலிருந்து வருகிறது. ஏரிகள் சங்கிலியாக இருக்கின்றன. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். ஒரு கரை உடைந்தால் அடுத்ததும் அதற்கடுத்ததும் தாங்காது. ரயில்பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகள் என்று ரயில்வேயிடம் ஒரு பட்டியல் உண்டு. மழைக்கு முன் மாநில அதிகாரிகளும் ரயில்வே அதிகாரிகளும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. கரை பலமாக இருக்கிறதா, கலிங்கில் அடைப்பு உண்டா, வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் எந்த ஏரி எந்த இடத்தில் உடையும் என்பது காகிதத்தைவிட அந்த ஊர் விவசாயிக்கு நன்றாகத் தெரியும். போன வருஷம் நண்டுவளை எங்கே இருந்தது, எந்தப் பக்கம் கரையில் மண் அள்ளினார்கள், எந்த மதகு ஒழுகுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொல்வது ஸ்டேஷன் மாஸ்டரின் காதுக்குப் போய்ச் சேர வழி இருந்தால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

மருதையாற்றங்கரை ஊர்களில் முதியவர்கள் சிலரோடு பேசியிருக்கிறேன். அவர்களுக்குத் தேதி கிடையாது. "ரயில் கவுந்த வருஷம்" என்பார்கள். மூத்த பையன் பிறந்தது ரயில் கவுந்த வருஷம், கிணறு வெட்டியது அதற்கு மறு வருஷம். ஒரு பாட்டி சாவுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலையில் தன் மாமியார் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி ஆற்றுப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்ததை மட்டும் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். "யாருக்குன்னு பார்த்தா காய்ச்ச முடியும்?" என்றார். எந்தக் கோப்பிலும் இது ஏறாது.

இப்போது அங்கே பிராட் கேஜ், இரட்டைப் பாதை. பாலங்களில் நீர்மட்டம் அளக்கிற கருவி வைக்கிறார்கள், ரோந்து போகிறவர்கள் கையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. நல்லது, வரவேற்கிறேன். கருவி நீர்மட்டத்தைச் சொல்லும். கரைக்கு அடியில் பொந்து விழுவதைச் சொல்ல இன்னும் மனிதக் கண்தான் வேண்டும். அந்தக் கண்ணுக்குரியவனின் வேலையில் ஆள் குறைப்பது பற்றி யார் பேசினாலும், ஆணோ பெண்ணோ, எந்தக் கட்சியோ, நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.

அரியலூரில் ஒருவரை இழந்த குடும்பங்களில் இன்று மூன்றாம், நான்காம் தலைமுறை நடக்கிறது. வீட்டில் ஒரு பெயரும் திவசம் கொடுக்கிற திதியும் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அந்தப் பெயரையும், அவர் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் பொது அறிவுப் புத்தகத்தில் அந்தக் கேள்வியைப் படிக்கும்போது அந்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள்.

ரயில்பாதையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரிக் கரை கசிந்தாலோ, பாதை ஓரத்துக் கரையில் மண் சரிந்தாலோ, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். 139க்குப் போன் போடுங்கள். போன் கிடைக்கவில்லை என்றால் பக்கத்து லெவல் கிராசிங்குக்கு ஓடுங்கள். கேட்கீப்பரின் அறையிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் நேராகப் பேசலாம்.