நெடுவழிக்கு ஓர் ஆசனம்

மனிதன் நடக்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். அவன் உட்காரக் கற்றுக்கொண்ட வரலாற்றை எழுதினோர் மிகச் சிலரே. அரசனுக்குச் சிங்காசனம், முனிவனுக்குப் புலித்தோல், கலைமகளுக்குத் தாமரை என்று ஆசனத்திலே தராதரம் கண்ட நம் முன்னோர், படுவான்கரைக் கமக்காரனுக்குக் கொடுத்தது வண்டிலின்மேல் பரப்பிய வைக்கோலும் அதன்மேல் விரித்த சாக்குமே. அந்த ஆசனத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. வைக்கோல் அமுங்கிப் போனால் இன்னும் ஒரு பிடியைச் செருகிக்கொண்டு மேலே பிரயாணம் செய்யலாம். இன்றைய மோட்டார் சைக்கிளின் ஆசனத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெல்லாவெளியிலிருந்து மட்டக்களப்பு நகரம் 35 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். வாவியின் மேற்குப்புறம், சூரியன் படுகின்ற கரை, எங்களுடையது. பெரிய வீதியும் பெரிய வைத்தியசாலையும் எழுவான்கரையிலே இருக்கின்றன. பெரியபோரதீவு வழியாகச் சென்று பட்டிருப்புப் பாலத்தில் வாவியைத் தாண்டி, களுவாஞ்சிக்குடியில் பெரிய வீதியில் ஏறி, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஊர் ஊராய்க் கடந்து கல்லடிப் பாலத்தை அடைய ஒரு மணி நேரம் செல்லும். திரும்பி வரவும் அவ்வளவே. பஸ் இல்லாமல் இல்லை. ஆனால் அதிகாலையில் கிளினிக்குக்குப் போய் இலக்கம் எடுக்கவேண்டியவர்களுக்கு மோட்டார் சைக்கிளே கதி.

என் தாயாருக்கு இருதயச் சிகிச்சை நடைபெறுகிறது. மாதம் ஒருமுறை நான் அவரைப் பின்னால் ஏற்றிச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு நடுப்பகுதியில் ஒரு மாதம், “எனக்கென்ன மனே வருத்தம்? நல்ல சுகமாய்த்தானே இருக்கன். நீ போய் மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வா” என்றார். அடுத்த மாதமும் அதே பேச்சு. மருந்தைப் பிள்ளை வாங்கி வரலாம். இரத்த அழுத்தத்தைப் பிள்ளையின் கையில் அளக்க முடியுமா? வற்புறுத்திக் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. போய்வந்தால் இரண்டு நாளைக்குத் தொடை மரத்துப்போகிறது, இடுப்பைத் தூக்க முடியவில்லை, அந்த வேதனைக்கு நோயே மேல் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஆசனம் ஒன்றைத் தேடும் ஆராய்ச்சி எங்கள் வீட்டில் அன்று தொடங்கியது.

முதலில் உடம்பைப் பற்றிச் சிறிது அறியவேண்டும். நாம் உட்காரும்போது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. நல்ல ஆசனம் அந்தப் பாரத்தைப் பிட்டத்துக்கும் தொடைக்குமாகப் பரப்பிவிடும். கெட்ட ஆசனத்தில் அந்த இரண்டு இடங்களும் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நரம்பு மரத்துப்போகிறது. வேடிக்கை யாதெனில், மிக மெத்தென்ற ஆசனமே பலவேளைகளில் கெட்ட ஆசனமாக முடிகிறது. கடையில் விரலால் அழுத்திப் பார்க்கும்போது வெண்ணெய்போல் அமுங்கும் நுரை, 20 நிமிஷத்தில் முழுவதும் அமுங்கி அடித்தகட்டில் முட்டிவிடும். பிறகு தகரத்தின்மேல் உட்கார்ந்ததற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. விரலுக்குச் சற்றுக் கடினமாகத் தோன்றும் நுரையே ஒரு மணி நேரத்தின் பின்னும் நம்மைத் தாங்கி நிற்கிறது. மாப்பிள்ளை பார்ப்பதிலும் இந்த விதி ஓரளவு பொருந்தும் என்பார் என் மாமியார். அவர் யாரை எண்ணிச் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களில் தோல் ஆசனத்தின்கீழ் இரண்டு சுருள்வில்கள் இருந்தன. 1950களில் இருவர் அமரும் நீண்ட நுரை ஆசனம் பரவலாயிற்று. அந்த நுரைக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1876இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு இறப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தன. 1929இல் டன்லப் கம்பெனியார் இறப்பர்ப் பாலை நுரைபொங்க அடித்து உறையவைத்து மெத்தைப் பொருள் செய்தனர். முட்டையும் மாவும் அடிக்கும் சமையற் கருவியாலே முதலில் அடித்துப் பார்த்தார்கள் என்று கதை சொல்லுவர். பின்னர் மலிவான செயற்கை நுரை வந்து அதனை ஓரங்கட்டியது. இன்று எங்கள் வீதிகளில் ஓடும் இந்திய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்தச் செயற்கை நுரையே.

உலகில் இதனை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் இருக்கின்றனர். அமெரிக்காவில் ‘அயன் பட் அசோசியேஷன்’ என்றொரு சங்கம் உண்டு. குடும்பப் பத்திரிகையாதலால் அந்தப் பெயரை மொழிபெயர்க்காமல் விடுகிறேன். 24 மணி நேரத்தில் 1000 மைல் ஓடியவர்க்கு அது சான்றிதழ் வழங்குகிறது. இத்தகையோர் செம்மறியாட்டுத் தோலை ஆசனத்தின்மேல் விரிப்பர். கம்பளி மயிரின் இடையே காற்றுப் புகுவதால் வியர்வை தேங்காது. சிலர் வான் சாரதிகளைப்போல மரமணி விரிப்பு இடுவர். சிறுசிறு காற்றறைகளைக் கொண்ட தலையணையும் உண்டு. சக்கர நாற்காலியில் காலங்கழிப்போருக்குப் படுக்கைப்புண் வாராதிருக்கச் செய்த தலையணையின் வழிவந்தது அது. அதனை நிறைய ஊதுபவர் ஏமாந்துபோவர். அடித்தகட்டில் முட்டாத அளவுக்குக் குறைந்த காற்றே போதுமானது. ஜெல் என்னும் கூழ்ப்பொருள் அடைத்த விரிப்பு வெயிலில் கிடந்தால் சூட்டை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். மட்டக்களப்பு வெயிலுக்கு அது உகந்ததன்று என்பது என் அபிப்பிராயம்.

இவை யாவும் இருபுறமும் கால்போட்டு உட்காருபவனுக்காக எழுந்த சிந்தனைகள். சேலை உடுத்து ஒருபக்கமாக உட்காரும் தாய்மாரைப் பற்றி எந்த ஆசனக் கம்பெனியாவது நினைத்ததுண்டா? கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்த ஆசனங்களின் பின்புறம் பந்தயக் குதிரையின் முதுகுபோல உயர்ந்து ஒடுங்கியிருந்தது. ஒருபக்கமாக உட்காருபவருக்கு ஆசனத்தின் அகலமே இருக்கையின் ஆழம். அது ஒடுங்கினால் தொடையின் அடிப்பாகம் விளிம்பில் வெட்டுண்ணும். கால் ஊன்ற இடமும் இல்லாவிட்டால் தொங்குகின்ற காலின் பாரமும் அந்த விளிம்பிலேயே விழும். என் தாயாரின் தொடை மரத்ததற்கு முழுக் காரணம் இதுவே.

ஆகவே ஆயத்த ஆசனம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, வானுக்கும் முச்சக்கர வண்டிக்கும் குஷன் அடிக்கும் ஒருவரைக் களுவாஞ்சிக்குடியில் நாடினேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க தம்பி” என்றார். மறுநாள் மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, உறை கழற்றிய ஆசனத்தின்மேல் நுரைத் துண்டுகளை அடுக்கி, அம்மாவை அதன்மேல் உட்காரச் செய்துவிட்டுத் தமது வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அரை மணி நேரங் கழித்து வந்து, “இப்ப எங்கே நோகுதம்மா?” என்று கேட்டார். அம்மா காட்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார். எத்தனை வைத்தியர்கள் இத்தனை பொறுமையாக அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள்!

பின்பகுதியை இடப்புறமாகச் சற்று அகலப்படுத்தி, விளிம்பை உருட்டி இறக்கினார். அடியில் கடினமான நுரை, மேலே அரை அங்குல இறப்பர் நுரை. முன்பகுதியை உயர்த்த அவர் சம்மதிக்கவில்லை. பட்டிருப்புப் பாலத்தில் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வண்டியை நிறுத்த நேர்ந்தால் என் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியவேண்டும். பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்றார். எனக்காக அவர் செய்தது, தாங்கியை நோக்கிச் சரிந்திருந்த பகுதியைச் செதுக்கிச் சமப்படுத்தியது மாத்திரமே. பிரேக் பிடிக்குந்தோறும் முன்னால் வழுக்கிச் செல்லும் தொல்லை அதனோடு ஒழிந்தது. றெக்சின் உறையின் தையல் உட்காரும் இடத்தில் வராமல் பக்கங்களில் இறக்கப்பட்டது. மேலே தையல் இருந்தால் மார்கழி மழை அதன் வழியே இறங்கி, நுரை பஞ்சாய் நீரைக் குடித்துவிடும். உறைக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் தாளும் விரித்தார். இரண்டு பாதங்களும் பதியக்கூடிய அகன்ற மிதிதட்டு ஒன்றை அயலிலிருந்த ஒட்டுவேலைக்காரர் இடப்புறத்தில் பொருத்திக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஆயத்த ஆசனத்தின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

ஆசனம் எல்லாவற்றையும் செய்துவிடாது. பின்புற அதிர்வு தாங்கி தேய்ந்திருந்தாலும் சில்லில் காற்று மிகுந்திருந்தாலும் எந்த நுரையும் உதவாது. கிரான்குளத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நிற்பதையும் நாங்கள் இன்னும் விடவில்லை. அங்கே அம்மாவுக்கு ஒரு பிளேன்ரீ.

இந்த நான்கு மாதங்களாக அவர் ஒரு கிளினிக்கையும் தவறவிடவில்லை. வெயிலில் நிறுத்தினால் கறுத்த றெக்சின் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது என்ற ஒரு முறைப்பாடு மட்டும் உண்டு. அதற்காகப் பழைய சாரம் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்கிறார். சென்ற கிழமை, கதிர்காமம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று மெல்ல விசாரித்தார். அங்கே பஸ்ஸிலேதான் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.