கிழக்கேகோட்டையில் ஒரு மாலை

சென்ற விடுமுறையில் தாயகம் சென்ற நாம், நாகர்கோவிலிலிருந்து பேருந்தேறித் திருவனந்தபுரம் அடைந்தோம். தம்பானூரில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். அதனை அடுத்துக் கிழக்கேகோட்டை. ஒருபுறம் சாலைக் கடைத்தெருவின் ஆரவாரம்; மறுபுறம் பத்மநாபசுவாமி கோயிலின் கோபுரம்.

கோயிலை அடுத்துக் குதிரைமாளிகையும் நவராத்திரி மண்டபமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் நவராத்திரியின்போது, கம்பர் வழிபட்டதாகக் கூறப்படும் சரசுவதி திருவுருவம் பத்மநாபபுரத்திலிருந்து யானைமீது இங்கே எழுந்தருளுகிறது. சுவாதித் திருநாள் மன்னர் இயற்றிய கீர்த்தனங்கள் அம்மண்டபத்தில் பாடப்பெறுகின்றன. அம்மன்னரின் அவையை நாடி வந்தவர், தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு. மேனாட்டு வாத்தியமாகிய பிடிலை நம் இசைக்கு இசைவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றை வழங்கிச் சிறப்பித்தார். ஊர்விட்டு ஊர் வந்த தமிழரின் கையில் அயல்நாட்டு வாத்தியம்! அதை அமர்ந்து கேட்க ஓர் அவை இருந்தது.

ஆயினும் இந்த வாயில் எல்லார்க்கும் ஒருங்கே திறந்துவிடவில்லை. நவராத்திரி மண்டபத்தில் பெண்மணி ஒருவர் முதன்முதலாகக் கச்சேரி செய்தது 2006-இல்தான். அவர் பாறசாலை பொன்னம்மாள். இந்நகரத்து இசைக்கல்லூரியிலேயே பயின்று, பலருக்குக் கற்பித்தவர். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல்!

கோட்டைக்கு வெளியே புத்தரிக்கண்டம் மைதானம். முன்பு நெல் விளைந்த வயல். இன்று கூட்டங்களும் கலை நிகழ்ச்சிகளும் நடைபெறும் திடல். மாலையில் அங்கே அமர்ந்திருந்தபோது, இளைஞர் இருவர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நம்மைக் கடந்து சென்றனர். அவர்களைக் கண்டதும் இந்நகரம் ஈன்ற இசைக்குழுவொன்று நினைவுக்கு வந்தது.

2003-இல் டோனி ஜான், ரெக்ஸ் விஜயன் முதலிய இளைஞர்கள் திருவனந்தபுரத்தில் ஒரு ராக் இசைக்குழுவைத் தொடங்கினர். பல காய்கள் கூடி ஒரு சுவையாகும் நம் வீட்டுக் கறியின் பெயரையே அதற்குச் சூட்டினர்: ‘அவியல்’. ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும் என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. இவர்களோ மின்கிட்டார் முழங்க மலையாளத்தில், நாட்டுப்பாடலின் நடை தோன்றப் பாடினர். முதல் பாட்டுத் தொகுப்பு 2008-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுக்கு ஊக்கமளித்தவை எவை? ஏறி நிற்க ஒரு மேடையும், எதிரே நின்று கேட்ட செவிகளுமே அல்லவா? அத்தொகுப்பில் பாம்பை ஆடச்சொல்லும் பாட்டைக் கேட்டால் நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் நினைவு வராமற் போகாது. வாத்தியம் புதிது, வேர் பழையது. 2011-இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ திரைப்படத்திலும் இவர்களது பாட்டு இடம்பெற்றது.

இவற்றை எண்ணியபோது நமக்கு நாணமே உண்டாயிற்று. சென்ற ஆண்டு நம் சங்க விழாவில், நம் பிள்ளைகள் நால்வர் கிட்டாரும் மிருதங்கமுமாக மேடையேறினர். நிகழ்ச்சியின் கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். முதற்பாட்டு முடியுமுன்பே நாம் உணவுக்கூடத்திற்கு எழுந்துவிட்டோம். “இதென்ன சத்தம்?” என்று கூறியவர்களுள் நாமும் ஒருவர். அவர்கள் பாடியது தமிழ்ப்பாட்டு என்பதைக்கூட, பின்னர் வீட்டார் சொல்லித்தான் அறிந்தோம்.

பிறந்த மண்ணைவிட்டு வந்த நமக்கு ஊர் என்பது எது? நம் பிள்ளைகளுக்கோ இந்தச் சங்கக் கூடமே ஊர். அவர்களுடைய முதற் பாட்டை இங்கே நாம் கேளாவிடில் வேறு யார் கேட்பார்? பிடிக்கவேண்டும் என்பதில்லை, இருந்து கேட்டால் போதும். வரும் விழாவில் அப்பிள்ளைகளுக்கு அரைமணி நேரம், அதுவும் உணவுக்கு முன்னர், ஒதுக்கவேண்டுமென்று சங்கத்தாரை வேண்டிக்கொள்கிறோம். முன்வரிசையில் நாமும் அமர்ந்திருப்போம்; வாசகக் குடும்பங்களும் உடன் இருப்பீர்களாக!