பிப்ரவரியில் நின்றுபோகும் டைரிகள்

டிசம்பர் கடைசியில் வீடுகளுக்கு டைரிகள் வந்து சேரும். வங்கி கொடுத்தது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்தது, மருந்துக் கம்பெனி கொடுத்தது. பெரும்பாலானவை பிப்ரவரியைத் தாண்டுவதில்லை. அதற்காக யாரும் வருந்துவதுமில்லை. மிஞ்சிய பக்கங்கள் பால் கணக்குக்கு உதவும்.

கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இது வேடிக்கையான விஷயமல்ல. ஜூலையில் செல்போனில் ஒரு ஆப், ஆகஸ்டில் அதைவிட அழகான இன்னொன்று, செப்டம்பரில் கெட்டி அட்டை போட்ட பிளானர் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மூன்று வாரம் ஓடும். நான்காவது வாரம் அதைத் திறக்கவே பயம். செய்யாமல் விட்டவை எல்லாம் உள்ளே சிவப்பு எழுத்தில் வரிசையாகக் காத்திருக்கும். இவர்களுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. அது பலருக்கு இருபது வயது வரை தெரிவதில்லை. அதற்குள் வீட்டில் வைத்துவிட்ட பெயர் சோம்பேறி.

தமிழ் வைத்த பெயரும் அவ்வளவு நல்லதல்ல. மருத்துவக் கட்டுரைகள் இதை 'கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு' என்று மொழிபெயர்க்கின்றன. கவனக்குறைவு என்ற சொல்லைத் தமிழர்கள் வேறு எங்கே படிக்கிறார்கள்? டிரைவரின் கவனக்குறைவால் பஸ் கவிழ்ந்தது என்ற செய்தியில்தான். பொறுப்பில்லாதவன் என்ற குற்றச்சாட்டு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. உண்மையில் இவர்களிடம் கவனம் குறைவாக இல்லை. பிடித்த விஷயம் என்றால் சாப்பாட்டை மறந்து ஆறு மணி நேரம் மூழ்கிக் கிடப்பார்கள். வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் கவனத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் கைகூடாது.

இது செல்போன் காலத்து வியாதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902இல் நிகழ்த்திய உரைகளிலேயே இப்படிப்பட்ட குழந்தைகள் வருகிறார்கள். அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்று கருதினார் என்பது வேறு விஷயம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல்தான் கவனத்தை மையமாக வைத்துப் பெயர் சூட்டியது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, பெரியவர்களையும் மனதில் வைத்து அளவுகோல்களைத் திருத்தியது. பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக ஏ.டி.எச்.டி. கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை சொல்கிறது. அந்தக் கணக்குப்படி அறுபது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சத்தம் போடாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள், பள்ளியில் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமலே கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக ஒன்றை வலியுறுத்திவருகிறார். என்ன செய்வது என்று தெரியாததல்ல இந்தக் கோளாறு. தெரிந்ததைச் செய்ய முடியாததுதான் கோளாறு. காலம் இவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதும் அவர் கருத்து. இவர்கள் கடிகாரத்தில் இரண்டே நேரங்கள்தான்: இப்போது, இப்போது இல்லை. 20ஆம் தேதி கொடுக்க வேண்டிய புராஜெக்ட், 19ஆம் தேதி இரவு வரை 'இப்போது இல்லை'யில் கிடக்கும். பிறகு திடீரென்று 'இப்போது' ஆகிவிடும்.

இந்தியாவில் இது கல்லூரியில் வந்து வெடிப்பதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவனின் நேரம் அவன் கையில் இல்லை. ஐந்து மணிக்கு எழுப்ப அம்மா, ஹோம்வொர்க் டைரியில் கையெழுத்துப் போட அப்பா, டியூஷன், வாராவாரம் தேர்வு. கோட்டா போன்ற ஊர்களின் கோச்சிங் மையங்களில் நாளின் பெரும்பகுதி வேறு யாரோ போட்ட அட்டவணைப்படி ஓடும். புத்திசாலிப் பையன் இந்தச் சாரத்தின் மேல் நின்றுகொண்டு நுழைவுத் தேர்வில் தேறிவிடுகிறான். ஹாஸ்டல் அறைக்குப் பெட்டியோடு போய்ச் சேரும் அன்று சாரம் பிரிக்கப்படுகிறது. கட்டடம் நிற்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

விளைவுகள் சாதாரணமானவை அல்ல. முதல் செமஸ்டரிலேயே அரியர். 75 சதவீத வருகை இல்லை என்று தேர்வெழுத அனுமதி மறுப்பு. கல்விக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு ஒரு வருடம் வீண். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. எனவே இவர்களுக்குச் சலுகை என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் மனதைப் பொறுத்தது. மருந்து இல்லாமல் இல்லை. மெத்தில்ஃபெனிடேட் பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் அதற்குக் கெடுபிடி அதிகம். தவிர, மருந்து கவனத்தைச் சீராக்கலாம்; 20ஆம் தேதிக்கு என்ன வேலை இருக்கிறது என்று எழுதித் தராது. அந்த இடத்தில்தான் பிளானர் ஆப்கள் வருகின்றன.

ஒழுங்காகத் திட்டமிடத் தெரிந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்தவை இவற்றில் பல. பட்டியல் போடு, முக்கியத்துவப்படி அடுக்கு, நிறம் கொடு, வாரம் ஒருமுறை மறுபரிசீலனை செய். நடக்க முடியாதவருக்கு மாடியில் வீல்சேர் வைத்த கதைதான். உருப்படியான யோசனைகள் தேவைப்பட்டவர்களிடமிருந்தே வந்திருக்கின்றன. 1980களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்து உட்கார்ந்தார். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய பொமோடோரோ முறை அதிலிருந்து பிறந்தது. தக்காளிக்கு இத்தாலிய மொழியில் அதுதான் பெயர். 1990களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜேன் ரோஜர்ஸ் என்ற தாய், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே இருந்த சின்ன மகளுக்காக ஒரு கடிகாரம் செய்தார். அதில் சிவப்பு வட்டம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறையும். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் நேரம் போவது தெரியும்.

இரண்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் நேரத்தை எண்ணாகச் சொல்லாமல் பொருளாகக் கண்முன் காட்டுகின்றன. டென்மார்க்கில் உருவான டீமோ என்ற ஆப், நாளைப் படங்களாகவும் வண்ணங்களாகவும் வரைந்து காட்டுவதும் இதே வழியில்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒருவர் உருவாக்கிய கோப்ளின் டூல்ஸ் இன்னொரு முடிச்சை அவிழ்க்கிறது. 'ரெக்கார்டு நோட்டை முடி' என்று எழுதினால் அதைச் சின்னச் சின்ன வேலைகளாக உடைத்துத் தருகிறது. இவர்களுக்கு 'முடி' என்பது மலை. 'நோட்டைப் பையிலிருந்து வெளியே எடு' என்பது கை எட்டும் வேலை.

எவ்வளவு நாள் ஆகும் என்ற மதிப்பீட்டை மாணவரிடமே விடுவதும் சரியில்லை. ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களுக்கே அது வராது. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 1994இல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்கள் சொன்னது சராசரியாகச் சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். ஆகவே நல்ல ஆப், மாணவி இரண்டு மணி நேரம் என்று குறித்தால் அதை நம்பாது. போன தடவை இதே மாதிரி வேலைக்கு ஐந்து மணி நேரம் ஆனதை எடுத்துக் காட்டி, அதற்கேற்ப நாளை முன்னால் நகர்த்தும்.

இங்குள்ள கல்லூரிகளுக்கென்று சில பிரச்சினைகள் உண்டு. வெளிநாட்டு ஆப்கள் அவற்றைக் கனவிலும் யோசித்திருக்காது. இங்கே கெடு தேதி ஒழுங்காக ஒரு இடத்தில் வருவதில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை வகுப்புப் பிரதிநிதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். கீழே நாற்பது 'ஓகே சார்'. அதற்கும் கீழே பிறந்தநாள் வாழ்த்து. தேதி மேலே போய்விடும். அந்தப் போட்டோவை அழுத்திப் பகிர்ந்தால் தேதியைப் படித்துக் காலண்டரில் போட்டுக்கொள்ளும் ஆப்தான் இந்திய மாணவருக்கு உதவும். தட்டச்சு செய் என்று கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. அடுத்தது அலாரம். மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பாட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்களைப் போனே நிறுத்திவிடுகிறது. நினைவூட்டல் அடிக்காமலே போகும். மாணவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். ஒலித்தாலும் கொஞ்ச நாளில் காது பழகிவிடும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதியதை இங்கே பயன்படுத்தலாம். இது நடந்தால் அதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்ட திட்டம், வெறும் எண்ணத்தைவிட அதிகம் நிறைவேறுகிறது. மாலை ஏழு மணிக்குப் படிப்பு என்பதைவிட, மெஸ்ஸில் தட்டைக் கழுவி வைத்ததும் நேரே லைப்ரரி என்பது நடக்கும்.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏழு நாள் இலவசம், அதற்குள் ரத்து செய்யாவிட்டால் வருடச் சந்தா. மறதிக்காரர்களுக்கென்று செய்த பொருள் அவர்கள் மறதியிலேயே சம்பாதிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் நன்றாகத் திட்டமிடத் தெரிந்தவர்.

ஆனால் ஒரு ஆப்பின் தலைவிதி தீர்மானமாவது அது திறக்கப்படும் முதல் நாளில் அல்ல. பத்துப் பதினைந்து நாள் தொடாமல் விட்டு, மறுபடி திறக்கும் நாளில். காய்ச்சலோ, ஊரில் கல்யாணமோ, வெறும் சலிப்போ, இடைவெளி வரும். வராமல் இருக்காது, அதுதான் இந்தக் கோளாறின் இயல்பு. தொடர்ந்து 30 நாள் என்று நெருப்புப் படம் காட்டி உற்சாகப்படுத்தும் ஆப், 31ஆம் நாள் சங்கிலி அறுந்ததும் பூஜ்யத்தைக் காட்டும். பள்ளி முழுக்க ஆசிரியர் சொன்னதையே இப்போது கருவியும் சொல்கிறது. மாணவி மூடிவிடுவாள். அடுத்த ஆப்பைத் தேடுவாள்.

செய்யாத வேலைகளுக்கு ஆங்கிலத்தில் 'ஓவர்டியூ' என்று போடுவார்கள். தமிழில் கொண்டுவரும்போது 'தவறவிட்டவை' என்று எழுதத் தோன்றும். 'நிலுவை' என்றும் எழுதலாம், வட்டிக்கடை வாசனை அடிக்கும். 'மீதி' என்ற சொல் கையருகே இருக்கிறது. சில்லறை மீதி, சோறு மீதி, வேலை மீதி. அது யாரையும் குற்றம் சொல்வதில்லை. திரும்பி வந்தவரிடம் கணக்குக் கேட்காமல், பழையதை ஒரு பக்கமாக ஒதுக்கிவைத்து, இன்றைக்கு ஒரே ஒரு வேலையைக் காட்டும் திரையை வடிவமைப்பது தொழில்நுட்பத்தில் பெரிய காரியமல்ல. நாற்பது வசதிகள் சேர்ப்பதைவிட இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டும்.

ஆப் மட்டும் போதுமா? போதாது. பாஸ்டனில் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் பெரியவர்களுக்கென்று வகுத்த சிகிச்சை ஒரு காலண்டர், ஒரே ஒரு வேலைப் பட்டியல் என்று எளிமையாகத்தான் தொடங்குகிறது. ஆனால் எதிரே ஒரு சிகிச்சையாளர் வாராவாரம் உட்கார்ந்திருக்கிறார். ஏ.டி.எச்.டி. உள்ள 250 கல்லூரி மாணவர்களை வைத்து ஆர்தர் அனஸ்டோபௌலஸ் குழுவினர் நடத்திய அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. குழு வகுப்போடு ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டியும் இருந்த அந்த ஏற்பாட்டில் பலன் தெரிந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேரை வீடியோவில் எதிரெதிரே உட்காரவைத்து அவரவர் வேலையைச் செய்யச் சொல்லும் ஃபோகஸ்மேட் சேவையும் ஆள்துணையை நம்பித்தான் நடக்கிறது. நம் ஹாஸ்டல்களில் கம்பைன்டு ஸ்டடி என்ற பெயரில் நடப்பதும் பாதி அதுதான். மீதிப் பாதி டீ.

கல்லூரியே ஆப் வாங்கிக் கொடுக்க முன்வந்தால் ஒரு எச்சரிக்கை வேண்டும். யார் எதை மறந்தார்கள், எத்தனை நாள் தொடவில்லை என்ற விவரம் அதில் சேரும். அது துறைத் தலைவருக்கோ, வீட்டுக்கோ, வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்கோ போகக்கூடாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. சட்டம் இருப்பதும், கல்லூரி அலுவலகத்தில் அதைப் படித்தவர் இருப்பதும் ஒன்றல்ல.

ஆப் எதுவும் வாங்காமலேயே கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காலண்டர் தேதிகளை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதற்கான பொது வடிவம் 1998இலேயே வந்துவிட்டது. இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு ஒப்படைப்பு, ஃபீஸ் கட்டும் கடைசி நாள் எல்லாவற்றையும் அந்த வடிவில் ஒரே ஃபைலாகப் போட்டுக் கொடுத்தால், ஒரு தடவை அழுத்தியதும் செமஸ்டர் முழுவதும் மாணவர் போனில் இறங்கிவிடும். நோட்டீஸை டைப் செய்யும் அதே கிளார்க்குக்கு அரை நாள் வேலை.