பூனை உலவும் வீடும் தானாகத் துடைக்கும் இயந்திரமும்

 

மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கலையும் வேளையில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் மஸ்அலாக்களுள் அண்மைக் காலமாகப் புதிய ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டில் பூனை இருக்கிறது. தரையைப் பெருக்கித் துடைக்க ரோபோ இயந்திரமும் வந்துவிட்டது. அது ஓடிய தரையில் தொழலாமா என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர்களுள் பலர் பிள்ளைகளை வளைகுடாவில் வைத்திருப்பவர்கள். உயர்ரக இயந்திரங்களின் விலை ஒரு லட்சம் ரூபாயை எட்டுகிறது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பொருளை மூலையில் நிறுத்திவிட்டு, ஐயத்தோடு மீண்டும் துடைப்பத்தை எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

புதுக்கோட்டை நகரில் உள்ள நம் சின்னம்மாவின் வீட்டுக்கு அத்தகைய இயந்திரம் ஒன்று வந்தது. அவருக்கு எழுபது வயது; முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்துதான் தொழுகிறார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது நனைந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒரு பூனையின் வழிவந்த இரண்டு பூனைகள் அவ்வீட்டில் வளர்கின்றன. பேரப்பிள்ளைக்கு இளைப்பு இருப்பதால், பூனைகளைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று மருமகள் கூறிவந்தார். “வெரட்டவும் மனசு வரல தம்பி, முடி கெடக்குற எடத்துல தொழுதா மனசும் நிக்கல” என்று சின்னம்மா நம்மிடம் வருந்தினார். சார்ஜாவில் இருக்கும் மகன் இதற்குத் தீர்வாகவே அந்த இயந்திரத்தை அனுப்பினார். ஏறக்குறைய ஆறு வாரங்கள் அதன் போக்கைக் கவனிக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. இவ்வகை இயந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவானவற்றையே எழுதுகிறோம்.

முதலில் மார்க்க நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பூனை நஜீஸ் அன்று. அபூ கதாதா (ரலி) அவர்கள் தாம் ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, வீட்டில் நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இச்செய்தி உள்ளது. ஆகவே பூனை நக்கிய தரையும், அது படுத்த விரிப்பும் தொழுகைக்குத் தடை அல்ல. அதன் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவையே நஜீஸ். உதிர்ந்த முடியைப் பொறுத்தவரை மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அது சுத்தமானது. ஷாஃபிஈ மத்ஹபில், உண்ணத் தகாத பிராணியின் உடலிலிருந்து உயிரோடிருக்கையில் பிரிந்த முடி நஜீஸ். எனினும் சிறிதளவு மன்னிக்கப்படும். நம் மாவட்டத்தின் உட்பகுதியில் ஹனஃபிகளும், கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் வாழ்கின்றனர். ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் வெறும் வசதியாகவும், மற்றொரு வீட்டில் தொழுகையைப் பற்றிய கவலையைக் குறைக்கும் கருவியாகவும் அமைவது இதனால்தான்.

இனி, துடைப்பது மனிதரா இயந்திரமா என்ற கேள்விக்கு வருவோம். பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுவுக்கு நிய்யத் கட்டாயம். நஜீஸை அகற்றுவதற்கோ நிய்யத் நிபந்தனை அன்று. முற்றத்தில் கிடந்த அசுத்தத்தை மழை அடித்துச் சென்றால் அந்த இடம் சுத்தமாகிவிடுகிறது. மழைக்கு ஏது நிய்யத்? எனவே “இயந்திரத்துக்கு ஈமான் உண்டா, அது துடைத்தால் செல்லுமா” என்று கேலியாகக் கேட்பவர்களுக்கும், அதையே உண்மையான ஐயமாகக் கேட்பவர்களுக்கும் விடை ஒன்றுதான். துடைத்தது யார் என்பது பொருட்டல்ல. அசுத்தத்தின் பொருள் முதலில் அகன்றதா, அதன்பின் தண்ணீர் அந்த இடத்தின் மீது எவ்வாறு சென்றது என்பதே கேள்வி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பெருக்கும் வேலையில் இயந்திரம் நன்றாகவே தேறுகிறது. விளம்பரங்களில் உறிஞ்சும் திறனைப் பாஸ்கல் கணக்கில் பத்தாயிரம், இருபதாயிரம் என்று அடுக்குகிறார்கள். டைல்ஸ் தரையில் கிடக்கும் பூனை முடிக்கு அவ்வளவு தேவையில்லை. தடித்த கம்பளம் விரித்த நாடுகளுக்கே அந்தப் போட்டி பொருந்தும். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது அடியிலுள்ள உருளைத் தூரிகை. மயிர்க்கற்றையாலான தூரிகையைவிட ரப்பர் உருளையில் முடி குறைவாகவே சுற்றுகிறது. சின்னம்மா வீட்டில் தூரிகையைக் கழற்றிப் பார்த்தபோது பூனை முடியைவிடப் பெண்களின் நீண்ட தலைமுடியும், தையல் நூலும், பூக் கட்டிய வாழை நாருமே அதிகம் சுற்றியிருந்தன. தொழுகை விரிப்பின் குஞ்சத்தையும் அது இழுத்து மென்றது. பாயையும் முஸல்லாவையும் சுருட்டி மேலே வைத்த பிறகே அதை ஓடவிட வேண்டும்.

நிறைந்த தூசியை நிலையத்துக்குத் திரும்பிவந்து தானே பைக்குள் கொட்டிக்கொள்ளும் வசதி உயர்ரக இயந்திரங்களில் உண்டு. இளைப்பு உள்ளவர் வீட்டில் இதன் பயன் பெரிது. பூனையால் வரும் ஒவ்வாமைக்கு முடி நேரடிக் காரணம் அன்று. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம் தோல் துகள்களோடு சேர்ந்து காற்றில் மிதக்கிறது. துடைப்பத்தால் பெருக்கும்போது அது மேலெழும்புகிறது. நல்ல வடிகட்டி உள்ள இயந்திரம் அதை உள்ளே பிடித்துவைக்கிறது. அது முழுமையாக நீங்கிவிடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்றும் அன்று. எனினும் தினந்தோறும் பெருக்கப்படும் வீட்டுக்கும், வாரம் இருமுறை பெருக்கப்படும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சின்னம்மாவின் மருமகளே ஒப்புக்கொண்டார். பூனைகளைச் சந்தையில் விடும் பேச்சு அதன்பின் எழவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

துடைக்கும் வேலைக்கு வந்தால் நம் தீர்ப்பு அவ்வளவு எளிதாக இல்லை. இயந்திரத்தின் துணி சிறிதளவு நீரால் ஈரமாகி, அறை முழுவதும் வரிவரியாகத் தேய்த்துச் செல்கிறது. வழியில் பூனையின் சிறுநீர் இருந்தால் அதையும் அப்படியே எடுத்துச் சென்று மற்ற இடங்களில் பூசிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத்துக்குக் குறைவான நீர் நஜீஸ் பட்டவுடனேயே அசுத்தமாகிவிடுகிறது. ஆகவே ஒரு மூலையில் இருந்த அசுத்தம் கூடம் முழுவதுக்கும் பரவியதாக ஆகும். கண்ணுக்குத் தரை பளபளவென்றிருக்கும், ஹுக்மில் சுத்தமாகியிராது.

ஆனால் இந்தக் குறையை இயந்திரத்தின் மீது மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஒரே வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து, பிழிந்து, மீண்டும் அதே வாளியில் முக்கி வீடு முழுவதும் துடைக்கிறோமே, அதிலும் இதே சிக்கல் இருக்கிறது. உண்மையில் இரண்டு தொட்டிகள் உள்ள உயர்ரக இயந்திரம் நம் வாளியை விஞ்சிவிடுகிறது. அது நல்ல நீரையும் அழுக்கு நீரையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிலையத்துக்குத் திரும்பிப் புதிய நீரால் துணியை அலசுகிறது. இறுதியில் வெந்நீரால் கழுவி, சூடான காற்றால் உலர்த்துகிறது. பூனை வளர்ப்போர் கூடுதல் விலை கொடுப்பதாயின் இந்த வசதிக்காகவே கொடுக்கலாம். அழுக்குத் தொட்டியை அன்றன்றே கொட்டிக் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டால் அந்த நாற்றத்துக்குப் பூனையே தேவலாம். உப்பேறிய ஆழ்குழாய் நீரை ஊற்றினால் குழாய்களில் சுண்ணாம்பு படியும். பினாயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. பீனால் வகைப் பொருள்களைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. ஈரத்தரையில் நடந்த பாதத்தை அது நக்கினால் நஞ்சு உடலுக்குள் போய்விடும்.

இனி, அசுத்தத்தை இயந்திரம் தானே கண்டு விலகுமா? வளர்ப்புப் பிராணிகளின் உரிமையாளர்களுக்கென்று விற்கப்படும் இயந்திரங்கள் இதைத்தான் பெருமையாகச் சொல்கின்றன. அமெரிக்காவின் ஐரோபோட் நிறுவனம் 2021இல் ‘ரூம்பா ஜே7+’ என்ற வகையை வெளியிட்டபோது, திடமான மலத்தை விட்டு விலகாமல் அதன் மீது ஏறினால் இயந்திரத்தையே மாற்றித் தருவதாக வாக்குறுதி அளித்தது. ‘திடமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டைல்ஸ் மீது தெளிந்த நீர்போல் கிடக்கும் சிறுநீரை அந்த வாக்குறுதி உள்ளடக்கவில்லை. சின்னம்மா வீட்டில் முதல் வாரமே, சுப்ஹுக்கு முன் இருட்டில் ஓடும்படி நேரம் குறிக்கப்பட்டிருந்த இயந்திரம், பூனை கக்கிய முடியுருண்டையைக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்துச் சென்றது. அதன் கேமரா அதைக் கண்டுகொள்ளவில்லை. பிறகு திடப்பொருளை வழித்தெடுத்து, துணியால் ஒற்றி, இழுபட்ட தடம் முழுவதும் தண்ணீர் ஊற்றி வழித்துவிட்டோம், சக்கரங்களையும் கழுவினோம். பள்ளிவாசலில் கிராமவாசி சிறுநீர் கழித்த இடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் நூல்களில் வருகிறது. அம்முறையே இதற்கும் போதும். தரையிலும் தரையோடு பதிந்த கல்லிலும் அசுத்தம் உலர்ந்து அதன் அடையாளமும் மறைந்தால் அங்குத் தொழலாம் என்பது ஹனஃபி மத்ஹப். அதற்காக அசுத்தத்தை விட்டுவைக்கலாம் என்று யாரும் கூறவில்லை.

அந்தக் கேமராவைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்படுகிறோம். மலத்தை அடையாளம் காண இயந்திரத்துக்குக் கண் வேண்டும். கண் இருந்தால் அது வீட்டுப் பெண்களையும் பார்க்கும். ஐரோபோட் நிறுவனத்தின் சோதனை இயந்திரங்கள் 2020இல் எடுத்த படங்கள், அவற்றை வகைப்படுத்தும் பணியிலிருந்த வெனிசுவேலாவைச் சேர்ந்தவர்களால் இணையக் குழுக்களில் பகிரப்பட்டன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றுள் இருந்தது. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதை வெளிப்படுத்தியது. அவை விற்பனைக்கு வந்த இயந்திரங்கள் அல்ல, ஒப்புதல் அளித்தவர்களிடம் கொடுத்தவை என்று நிறுவனம் விளக்கியது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் சில வீடுகளில் ஈகோவாக்ஸ் நிறுவனத்தின் ‘டீபாட் எக்ஸ்2’ இயந்திரங்களுக்குள் அந்நியர் ஊடுருவி, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வசைமொழி பேசினர். முக்காடு இல்லாமல் நடமாட இடம் வேண்டும் என்றுதானே நாம் வீடு கட்டுகிறோம்! அனுமதி கேட்காமல் பிறர் வீட்டுக்குள் நுழையாதே என்று குர்ஆன் கற்பித்த ஒழுக்கம் சக்கரம் வைத்த கண்ணுக்கும் பொருந்தும்.

சார்ஜாவிலிருந்த தம்பி அந்தக் கேமரா வழியே அவ்வப்போது தாயாரைப் பார்த்துவந்திருக்கிறார். தாயின் மீதுள்ள அன்புதான் காரணம். ஆயினும் சின்னம்மாவுக்கு அது தெரியாது. அவர் மகன் பார்ப்பதில் குற்றமில்லை என்றாலும், அதே கூடத்தில் அவருடைய அண்ணன் மனைவி நடமாடுகிறார். குர்ஆன் ஓதக் கற்கும் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். இதைத் தம்பியிடம் நாம் தொலைபேசியில் எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், நேரலை வசதியை அன்றே நிறுத்திவிட்டு, தாயாரிடம் தாமே அதைச் சொன்னார். “பாக்கணும்னா போன் போடு, மொகத்தக் காட்டுறேன்” என்றார் சின்னம்மா.

கேமரா வேண்டாமெனில், லேசர் ஒளியால் மட்டும் வீட்டை அளந்து வரைபடம் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. அவை அசுத்தத்தை அடையாளம் காணா. கண்ணுள்ள இயந்திரமும் இருட்டில் காணவில்லை என்பதைப் பார்த்தோமே. பூனை பெரும்பாலும் கொல்லைக்குச் சென்றுவரும் நம் வீடுகளுக்கு, கேமரா இல்லாததை வாங்கி, அதை இயக்குமுன் ஒருவர் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிடுவதே ஏற்றது என்பது நம் கருத்து. அடுக்குமாடியில் மணல் தட்டு வைத்துப் பூனை வளர்ப்பவர்கள், அந்தத் தட்டைச் சுற்றியுள்ள பகுதியைச் செயலியில் தடைப்பகுதியாகக் குறித்துவிட வேண்டும். கட்டிபிடிக்கும் களிமண் மணல் ஈரத்துணியில் பட்டால் குழம்பாகித் தரையெங்கும் ஒட்டும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இவ்வகை இயந்திரங்களுள் பல ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரத்தைத்தான் ஏறிக் கடக்கும். ராஜ வீதிகளை ஒட்டிய வீடுகளின் நிலைப்படி அதைப்போல் பல மடங்கு. சின்னம்மாவின் இயந்திரம் கூடத்தையும் ஓர் அறையையும் மட்டுமே ஆள்கிறது. அடுக்களைக்கும் பின்கட்டுக்கும் வழக்கமாக வரும் பெண்மணியே வருகிறார். அவர் கூலியைக் குறைக்க வேண்டாம் என்று சின்னம்மா சொல்லிவிட்டார்.

இப்போது அவ்வீட்டில் லுஹா தொழுகைக்குப் பின், வெளிச்சத்தில், சின்னம்மா கைத்தடியோடு கூடத்தைச் சுற்றிவந்து பார்த்த பிறகே பொத்தானை அழுத்துகிறார்கள். பூனைகள் முதலில் பயந்து அலமாரி மேல் ஏறின. இப்போது இயந்திரம் நிலையத்துக்குத் திரும்பும்வரை சன்னல் திட்டில் அமர்ந்து பார்க்கின்றன. ஆறாம் வாரத்தில் ஓரத் தூரிகை முறிந்தது. மாற்றுத் தூரிகை நம் ஊர்க் கடைகளில் இல்லை. சென்னையிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. வாங்க எண்ணுவோர் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் தூரிகை, துணி, தூசிப்பை ஆகியவை எங்கே கிடைக்கும், பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.