தலை இடித்த அன்றே

பைத்தான் மொழியைப் புதிதாகப் படிக்க உட்காருகிறவருக்கு முதல் பாடமே 'பிரின்ட்' என்று எழுதித் திரையில் வணக்கம் சொல்வதுதான். கையில் கிடைத்த வழிகாட்டி 2006-இல் எழுதியதாக இருந்துவிட்டால், அந்த முதல் வரியே ஓடாது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3-இல் அந்தக் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமாகிவிட்டது. இப்போதைய பைத்தான், "அடைப்புக்குறியை விட்டுவிட்டீர்கள்" என்று தானே எடுத்துச் சொல்லும். எல்லா மென்பொருளுக்கும் அந்தப் பரிவு கிடையாது. புரியாத நாலு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

அந்த நேரத்தில் படிப்பவரின் முகத்தை நான் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வழிகாட்டி பழசாயிருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. "நமக்கு இது வராது போல" என்றுதான் தோன்றுகிறது. அதிலும் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து, கேட்பதற்கு ஆளில்லாமல் தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் வாத்தியார். வாத்தியார் தப்பாகச் சொல்லுவார் என்று அது எப்படி நினைக்கும்? ஆவணம் இல்லாவிட்டால்கூட வேறு இடத்தில் தேடிப்பார்ப்பார்கள். பழைய ஆவணமோ நம்பி வந்தவரின் தன்னம்பிக்கையைக் கெடுக்கிறது. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

2017-இல் கிட்ஹப் நடத்திய திறந்த மூல ஆய்வில் பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, காலாவதியான ஆவணங்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஆவண வேலையை அரிதாகச் செய்வதாகவோ, செய்வதே இல்லை என்றோ சொன்னார்கள். சோம்பல் என்று நான் இதைச் சொல்லமாட்டேன். நிரலில் ஒன்றை மாற்றி அது கெட்டுப்போனால் சோதனை நின்றுவிடும், பயன்படுத்துகிறவர்கள் புகார் அனுப்புவார்கள். அதே மாற்றத்தால் ஆவணத்தில் ஒரு பத்தி பொய்யாகிப் போனால் எங்கும் மணி அடிப்பதில்லை.

முன்னோடிகளுக்கு இந்தக் கவலை இருந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதி போட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். கட்டளையின் பெயர், எழுதும் முறை, செய்யும் வேலை எல்லாம் சொன்ன பிறகு இரண்டு தலைப்புகள் வரும். ஒன்றில் அந்தக் கட்டளையில் தெரிந்த குறைகள். இன்னொன்றில், சிக்கல் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு ஒரு பெயர். தான் செய்த பொருளின் குறையைத் தானே எழுதி, கீழே பொறுப்பாளியின் பெயரையும் போட்டுவைக்கிற நேர்மை இது. குறைகளுக்கான தலைப்பு லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் இன்றும் இருக்கிறது. பொறுப்பாளியின் பெயர் பல திட்டங்களின் ஆவணங்களில் காணாமல் போய்விட்டது. அது திரும்ப வர வேண்டும் என்பது என் ஆசை. ஆளில்லாத பக்கம் சீக்கிரம் கெடுகிறது.

2004 முதல் பல ஆண்டுகள் அந்த லினக்ஸ் பக்கங்களைப் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க். அவற்றில் கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' அழைப்பின் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு தேர்வுக்குப் பக்கத்திலேயே 'லினக்ஸ் 2.6.23 முதல்' என்று இருக்கும். இந்தச் சின்னக் குறிப்பு இருந்தால், பழைய கணினியில் அந்தத் தேர்வு ஓடாதபோது குற்றம் தன்னுடையதில்லை என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஓபன்பிஎஸ்டி திட்டத்தார் கையேட்டில் உள்ள தவறையும் நிரலில் உள்ள பிழையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பைத்தானில் டிம் பீட்டர்ஸ் எழுதிய 'டாக்டெஸ்ட்' 2001 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஆவணத்தில் காட்டிய எடுத்துக்காட்டை அது ஓட்டிப் பார்க்கும். கிடைத்த விடையும் எழுதியிருக்கும் விடையும் ஒத்துப்போகாவிட்டால் சொல்லிவிடும். ஆவணத்துக்கும் மணி கட்டலாம் என்று காட்டிய நல்ல வேலை அது. ஆனாலும் எடுத்துக்காட்டைத்தான் அதனால் சோதிக்க முடியும். சுற்றியுள்ள விளக்கம் உண்மையா என்று மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

யார் படிப்பது? திட்டத்தில் ஊறியவர் தன் ஆவணத்தைப் படிக்கமாட்டார், அவருக்குத் தேவையில்லை. தாழ்ந்த நிலைவாசல் உள்ள வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் முதல் வாரம் தலையை இடித்துக்கொள்வார். மாதம் ஒன்று போனால் தானாகக் குனியப் பழகிவிடுவார், பிறகு வாசல் தாழ்ந்திருப்பதே அவர் கண்ணில் படாது. மென்பொருளும் இப்படித்தான். எந்தப் படி விட்டுப்போயிருக்கிறது, எந்தக் கட்டளைக்கு வேறு பெயர் வந்துவிட்டது என்பதெல்லாம் புதியவருக்குத்தான் தெரியும், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, "நான் இன்னும் கற்றுக்குட்டிதானே, நான் போய்த் திருத்துவதா" என்று தயங்காதீர்கள். இந்த ஒரு வேலைக்குக் கற்றுக்குட்டியாக இருப்பதே தகுதி. இடறிய அன்றே எழுதுங்கள். நீங்கள் நிறுவிய பதிப்பு, கணினியில் உள்ள இயங்குதளம், பக்கம் சொன்னபடி அடித்த கட்டளை, வந்த பிழைச்செய்தி, கடைசியில் எது ஓடியது, இவ்வளவு போதும். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் குறுகிய வாக்கியங்களாக எழுதுங்கள். கட்டளையும் பிழைச்செய்தியும் அப்படியே இருந்தால் பராமரிப்பாளருக்குப் புரிந்துவிடும்.

பராமரிப்பாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அப்படி வரும் ஒற்றை வரித் திருத்தத்தை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள். முதல் திருத்தத்துக்குப் பதிலே வராதவர் இரண்டாவதை அனுப்புவது அபூர்வம். நிரலை மாற்றும் அதே புல் ரிக்வெஸ்டில் ஆவணமும் மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் ஏற்காதீர்கள். பார்த்துக்கொள்ள யாருமில்லாத பக்கங்களைத் துணிந்து நீக்குங்கள். மனம் வராவிட்டால், எந்தப் பதிப்போடு அது நின்றுபோனது என்று பக்கத்தின் தலையிலேயே எழுதிவையுங்கள். நீக்கினாலும் கிட் வரலாற்றில் அது பத்திரமாக இருக்கும், வேண்டியவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார்.