கரையில் ஒரு தபாலதிபர்

ஓய்வு என்னும் சொல்லை நாம் இருவகையாக வழங்கி வருகிறோம். உழைத்துக் களைத்தவன் சற்று நேரம் இருந்தெழும்புவதும் ஓய்வு. உத்தியோகத்திலிருந்து ஒருவன் முற்றாக விலகுவதும் ஓய்வு. முன்னையதில் மீண்டும் எழுந்து செல்லும் எண்ணம் அடங்கியிருக்கிறது. பின்னையதில் அது இல்லை. இருந்தும் இரண்டுக்கும் ஒரே சொல்லையே நம்மவர் போதுமெனக் கொண்டனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 சதவீதத்தினர். அத்தொகை அதன்பின் கூடியே வந்திருக்கிறது. ஆயினும் முதுமை பற்றி நாம் பேசப் புகுந்தால் ஓய்வூதியம், மருந்து, பிள்ளைகளின் கடமை என்னும் மூன்றுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. முதியவர் ஒருவர் தமது நாளை எதன்பொருட்டுத் தொடங்குகிறார் என்று கேட்பார் அரியர். அக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் என் அம்மப்பா.

அவர் திருகோணமலையிற் பிறந்தவர். டச்சுக் குடாக் கரைக்கு அண்மையிலே அவருடைய வீடு. கடற்றொழிற் குடும்பத்தவர் அல்லர். தகப்பனார் ஓர் எழுதுவினைஞர். எனினும் பத்து வயதிற்குள்ளேயே அயலவரிடம் கைத்தூண்டில் பழகிக்கொண்டார். 1973இல் தபாற் சேவையிற் சேர்ந்ததும் அவர் கடலைப் பிரிய நேர்ந்தது. அட்டன், பண்டாரவளை, கம்பளை என்று மலைநாட்டுத் தபாற்கந்தோர்களிலே அவருடைய இளமை கழிந்தது. கடலை நினைத்தபோதெல்லாம் கம்பளையில் மகாவலிக் கரையிற் போய் நிற்பாராம். அந்த நீர் எப்படியும் கொட்டியாரக் குடாவுக்குத்தானே போகிறது என்பது அவருடைய ஆறுதல்.

அக்காலத்தில் தபாலதிபராக விரும்பியவர் மோர்ஸ் தந்திமுறையையும் கற்றுத் தேறவேண்டியிருந்தது. புள்ளியும் கோடுமாகிய இரண்டே குறிகளால் எழுத்துக்கள் யாவற்றையும் அனுப்பும் முறை அது. ஆங்கில நெடுங்கணக்கின் 'ஈ' ஒற்றைப் புள்ளி. 'ரீ' ஒற்றைக் கோடு. ஏனையவை இவற்றின் சேர்க்கைகள். சில மாதப் பழக்கத்தின் பின் எழுத்தை எண்ணிப் பாராமலே விரல் தட்டும், காது வாங்கும் என்பார். தோட்டத்து லயங்களுக்கு அவர் கைவழியாகச் சென்ற தந்திகளுள் மரணச் செய்திகளே மிகுதி. தந்திச் சேவகன் வருவதைக் கண்டதும் செய்தியை வாசிக்குமுன்பே பெண்கள் குழறத் தொடங்குவதை அவர் இன்றும் நினைவுகூர்வதுண்டு.

விடுமுறைக்கு ஊர் வந்தபோதும் கடல் அவருக்குக் கிட்டவில்லை. போர்க்காலத்தில் திருகோணமலைக் கரையோரம் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. தொழிலாளரே அனுமதிச் சீட்டுடன் குறித்த நேரத்திற்குள் போய்வந்த காலத்தில், பொழுதுபோக்குக்கெனத் தூண்டில் கொண்டு போக யாருக்குத் துணிவு வரும்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் வந்தது. அன்று வீட்டில் இருந்த அம்மம்மா பிள்ளைகளுடன் ஓடித் தப்பியவர். அன்றிலிருந்து அவர் கடலுக்கு முகங்கொடுத்து இருப்பதே இல்லை. போர் 2009இல் முடிந்தது. 2011இல், அறுபது வயதில், முப்பத்தெட்டு ஆண்டுச் சேவையை முடித்துக்கொண்டு அம்மப்பா ஊர் திரும்பினார். மறுவாரமே தங்கூசியும் ஈயமும் முள்ளும் வாங்கிவந்துவிட்டார்.

உயர்தர வகுப்புப் படிப்பிற்காக அவர் வீட்டில் நான் தங்கியிருந்த காலத்தில் அவருடைய கலையைக் கண்டேன். அவர் தடி பிடிப்பதில்லை. மரக்கட்டையிற் சுற்றிய தங்கூசியைக் கையால் வீசி, அதை வலக்கை ஆட்காட்டி விரலின் நுனியில் ஏற்றிவிட்டு அமர்ந்திருப்பது அவர் வழக்கமாயிருந்தது. "கிளக்கன் புள்ளி புள்ளியாய்த் தட்டும். பாரை ஒரே கோடு. கலவாய் ஒரு கோடு இழுத்திட்டுக் கல்லுக்குள்ள பூந்திடும். அதுக்கு முந்தி நீ இழுக்கவேணும். பேத்தை புள்ளியே போட்டுக்கொண்டிருப்பான், சொல்லு முடியாது. இழுத்துப் பார்த்தால் இரையும் இராது, சிலவேளை முள்ளும் இராது" என்று அவர் விளக்கியபோது, தந்தியறையில் இருந்த இளைஞரை என்னால் ஒருவாறு காணமுடிந்தது. நீருக்கு அடியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் உத்தியோகத்தை அவர் மேற்கொண்டிருந்தார். அதற்கு மேலதிகாரி இல்லை; இடமாற்றமும் இல்லை.

ஆனால் அந்த உத்தியோகத்திற்கு வேண்டிய ஒரேயொரு கருவியை நோய் சிறிது சிறிதாகப் பறித்தது. நீரிழிவு அவருக்கு ஐம்பது வயதளவிலேயே கண்டிருந்தது. நெடுநாள் நீரிழிவு உடலின் நீண்ட நரம்புகளை முதலிற் கெடுக்கும் என்பர் வைத்தியர். ஆதலின் உணர்வு முதலிற் பாதங்களில் மங்கிப் பின்னர் கைவிரல்களுக்கும் பரவும். வலி தோன்றி எச்சரிக்கும் நோய்களை நாம் அறிவோம். இதுவோ வலியை நீக்கி ஏமாற்றும் நோய். 2016இல் ஒரு மாலை, பாறையில் ஒட்டியிருந்த சிப்பியோடு அவர் காலை வெட்டியது. அவர் அறியவில்லை. சீமெந்துத் தரையிற் பதிந்த இரத்த அடிகளை அம்மம்மா கண்டு கூக்குரலிட்ட பின்பே குனிந்து பார்த்தார். புண் ஆறவில்லை, மூன்றாம் வாரம் இடக்காற் சிறுவிரலை அகற்றவேண்டி வந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் கைவிரல் நுனிகளும் மரத்துப்போயின. 2019இற் பாரிசவாதம் வந்து வலக்கையை வலுவிழக்கச் செய்தது. தந்தி தட்டிய விரல், மீனின் மொழி வாங்கிய விரல், தேநீர்க் கோப்பையின் காதைப் பிடிக்கவும் இயலாமற் கிடந்தது.

அவ்வாண்டில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முற்றத்து நாற்காலியிற் கடலுக்கு முதுகு காட்டி இருப்பார். அம்மம்மா அவருக்கு எதிரே இருப்பார். இருவரும் ஒரே கடலை இரு வேறு காரணங்களுக்காகப் பாராமல் இருந்த அக்காட்சியைப் போற் துயரந் தந்தது வேறில்லை. கையைப் பயிற்றுவதற்கு இறப்பர்ப் பந்து ஒன்றை வைத்தியசாலையிற் கொடுத்திருந்தனர். அதை நசிப்பதில் அவருக்கு மனம் செல்லவில்லை. ஒரு நாள் தங்கூசிக் கட்டையை எடுத்து, நூல் முழுவதையும் அவிழ்த்துவிட்டு, வலக்கையால் மீண்டும் சுற்றத் தொடங்கினார். முதல் நாள் இருபது சுற்று. பந்தினாற் கூடாதது கட்டையினாற் கூடியது. மாதங்கள் சென்றபின் கை ஓரளவு திரும்பியது. உணர்வு மட்டும் திரும்பவில்லை.

அவர் கண்ட வழிகள் எளியவை. தேங்காய் உரிமட்டையில் முள்ளைக் குத்தி, அதை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, இடக்கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடப் பழகினார். விரல் நுனியில் ஏற்றிய தங்கூசியை இப்போது முழங்கையின் உட்புற மடிப்பில் ஏற்றுகிறார். உடலின் நடுப்பகுதியை நோக்கிச் செல்லச்செல்ல உணர்வு எஞ்சியிருக்கிறது என்பதை அவரே தடவிப் பார்த்து அறிந்தார். கிளினிக்கில் இரத்தம் எடுப்பதற்கு ஊசி ஏற்றும் அதே இடத்தில் மீனும் தட்டுகிறது. "புள்ளி எல்லாம் இப்ப கேக்கிறதில்லை பிள்ளை, கோடு மட்டும் கேக்குது" என்றார். கிளக்கன் அவருக்கு இனி இல்லை. பாரையும் கலவாயும் உண்டு. இழந்ததையும் எஞ்சியதையும் தபாற்கந்தோர்க் கணக்கைப் போல ஒரே மூச்சிற் சொல்லி முடித்தார்.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியை நம்முள் எவரும் மறந்திருக்கமாட்டோம். மருந்துத் தட்டுப்பாட்டினால் கிளினிக்கிற் கிடைத்துவந்தவற்றுட் சிலவற்றை வெளியிலே பணங்கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு இன்சுலினுக்கும், அடித்தட்டு இரைக்கான இறாலுக்கும் கணவாய்க்கும் என்று நெடுநாட் பிணக்கின் பின் எல்லை வகுக்கப்பட்டிருந்தது. மின்சாரம் போனதும் இரை பழுதாயிற்று. இன்சுலினை, ஈரமணல் நிரப்பிய பானைக்குள் சிறு சட்டி வைத்து அதில் அம்மம்மா காத்தார். கடலை வெறுத்த அவர் அந்த மணலைக் கடற்கரையிலிருந்தே அள்ளிவந்தார். கடற்கோளுக்குப் பின் அவர் அங்கு கால் வைத்தது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டு, குடும்பத்தில் பெரிய வழக்கொன்று எழுந்தது. ஒரு விடியற்காலை, இன்சுலின் ஏற்றியபின் சரியாக உண்ணாமலே அம்மப்பா கரைக்குச் சென்றுவிட்டார். இரத்தத்திற் சீனி இறங்கி, வியர்த்து, நடுங்கிச் சரிந்தார். அருகில் வலை பொத்திக்கொண்டிருந்த தொழிலாளர் சீனி கரைத்த தேநீரைப் பருக்கி அவரைக் காப்பாற்றினர். அவர்கள் இல்லையெனில் இக்கட்டுரை வேறுவிதமாக அமைந்திருக்கும். செய்தி அறிந்த மாமா கனடாவிலிருந்து அழைத்து, உடனே தம்மிடம் வந்துவிடும்படி வற்புறுத்தினார். அம்மாவோ கொழும்பிலுள்ள எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னார்.

அம்மாவின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று எவருஞ் சொல்லமுடியாது. உணர்வற்ற பாதத்திற்குக் கடற்கரையைப் போல் ஆபத்தான இடம் வேறில்லை: சிப்பி, துருப்பிடித்த கம்பி, கெளிற்றின் முள், வழுக்கும் பாசி. ஒரு சிறு காயம் காலையே கொண்டுபோகலாம். முதியவரின் விருப்பத்தை மதித்தல் என்னும் பெயரில் அவரை ஆபத்திற்குக் கையளித்துவிட்டுப் பின்னர் அழுவது அன்பாகுமா என்று அம்மா கேட்டார். நகரத்து மாடிவீட்டில் வேளைக்கு மருந்தும் உணவும் பெற்று, பத்தாண்டு கூடுதலாக வாழும் தந்தையைத்தான் எந்த மகளும் விரும்புவாள். அம்மப்பா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்ச இருந்தால் உடம்புக்கு ஆபத்து, உண்மைதான். அங்க வந்தால் உடம்பு மட்டும்தான் பிள்ளை மிஞ்சும்" என்றார். அம்மா விடை சொல்லவில்லை. அழுதார்.

தீர்ப்பைச் சொன்னவர் கிளினிக் வைத்தியர். நடப்பது நல்லது, மனம் ஊன்றுவதும் நல்லது, ஆனால் விதியோடு போகவேண்டும் என்றார் அவர். விதி என்ற சொல் தபாலதிபருக்குப் போதுமானதாயிற்று. அன்றிரவே இடக்கையால் ஒரு சுற்றுநிருபம் எழுதினார். மூடிய சப்பாத்தின்றிக் கரைக்கு இறங்கலாகாது. நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிற் பார்த்தல்வேண்டும். உணவருந்தாமற் புறப்படலாகாது, சட்டைப்பையிற் சீனி இருத்தல்வேண்டும். தனியே போகலாகாது. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி முடியப் பாறையில் ஏறலாகாது. இவ்வைந்தின் கீழும் தாம் ஒப்பமிட்டு, மற்றவர்களிடமும் ஒப்பம் வாங்கினார். கனடாவிலிருந்த மாமாவுக்கும் ஒரு பிரதி தபாலிலேயே சென்றது.

இவ்விணக்கத்தின் விலையை அவர் அறிவார். மீன் நன்றாக இரை எடுப்பது விடியலிலும் பொழுது சாயும் வேளையிலும். விடியல் இப்போது ஊசிக்கும் உணவுக்கும் உரியது. மீன் உண்ணும் வேளையில் அவர் உண்கிறார். எஞ்சியிருப்பது மாலை மட்டுமே. நம் கரையோரத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. எனினும் பெருக்கு நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால், மாலையும் பெருக்கும் கூடிவரும் நாட்கள் சிலவே. அந்நாட்களை நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்திருக்கிறார். கிளினிக் நாட்களை நீல மையால். இரண்டும் ஒரே நாளில் வந்தால் நீலமே வெல்லும். அதில் அவர் முறையீடு செய்வதில்லை.

நெய்தல் நிலத்திற்குச் சிறுபொழுது எற்பாடு என்றும் உரிப்பொருள் இரங்கல் என்றும் நாம் படிக்கிறோம். பொழுதைப் பொறுத்தவரை அம்மப்பா இலக்கணத்திற்கு அமைந்தவரே. இரங்கலைப் பொறுத்தவரை எனக்கு ஓர் ஐயம் உண்டு. இரங்குபவர் வராத ஒன்றுக்காகக் கரையில் நிற்பவர். அம்மப்பாவும் அவ்வாறே நிற்கிறார். ஆயின் வெறுங்கையுடன் வீடு திரும்பும் நாட்களிலும் நாளைக்கான இரையைப் பற்றியே பேசுகிறார். முன்பு சொன்ன இருவகை ஓய்வுகளுள் அவருடையது முதல்வகையைச் சார்ந்தது என்றே எண்ணத் தோன்றுகிறது: மீண்டும் எழும்பும் எண்ணம் அதில் இருக்கிறது. உடல் எவ்வளவு தூரம் இடங்கொடுக்கும் என்பது வேறு. அதற்கு எவரும் உத்தரவாதம் தரமுடியாது. சுற்றுநிருபத்திலும் அதைப்பற்றி எதுவும் இல்லை.

பேராதனையில் நான் வதியும் விடுதிக்கு அண்மையில் மகாவலி ஓடுகிறது. மழை கனத்து ஆறு சிவந்து பெருகிய கடந்த டிசம்பரில், சில நாட்களின் பின் அம்மப்பா தொலைபேசியில் அழைத்தார். பாறையில் ஏறத் தடையுள்ள காலம் அது. ஆயினும் வீட்டு வாசலிற் சப்பாத்துடன் நின்று, கொட்டியாரக் குடாப் பக்கம் நீர் கலங்கி வருவதைப் பார்த்திருக்கிறார். சுகம் விசாரித்தேன், சீனி எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று இலக்கங்களைச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு, சொல்ல அழைத்த செய்திக்கு வந்தார்.

"உங்கட ஆறு வந்து சேர்ந்திட்டுது பிள்ளை. இனித் தண்ணி தெளிய ஒரு மாதம் செல்லும். தை பிறக்கட்டும்."