குளச்சல் சாளையும் அம்மாவின் தூக்கமும்

காலை ஆறு மணி. நாகர்கோவிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குளச்சல். கடற்கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. 1741-ல் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா வென்றதன் நினைவாக நிற்கும் வெற்றித்தூணைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள். நானும் அம்மாவும் வந்தது சாளை மீனைத் தேடி!

அப்பா போன பிறகு அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் மெள்ளத் தேறி வந்தார். ‘மீனில் இருக்கும் ஒமேகா 3 போதும், மனச்சோர்வுக்கு மாத்திரையே வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல். அதை நம்பிப் பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லையாம். பிறந்த ஊர்ப் பக்கம் போய் சாளை சாப்பிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் காரணம், பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சாளையை வேறு ஊர்களில் மத்தி என்பார்கள். விலை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பில்தான் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா 3 அமிலங்கள் இருக்கின்றன. நம் மூளை செல்களின் சவ்வில் டி.ஹெச்.ஏ. முக்கியமான பங்கு வகிக்கிறது. ஆகவே, வாட்ஸ்அப் தகவல் முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. அதுதான் ஆபத்தும்கூட.

அமெரிக்காவின் ஓஹியோவில் 68 மருத்துவ மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் வெளியானது. 12 வாரங்கள் ஒமேகா 3 எடுத்துக்கொண்டவர்களுக்குப் பதற்றம் 20 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால், மனச்சோர்வு அறிகுறிகளில் பெரிய மாற்றம் இல்லை. அதே அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,000-க்கும் மேற்பட்டோரை வைத்து சுமார் ஐந்து ஆண்டுகள் மீன் எண்ணெய் மாத்திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. மனச்சோர்வு வராமல் தடுக்க அது உதவவில்லை.

இதையெல்லாம் பஸ்ஸிலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “நீ எதையாவது படிச்சுட்டுப் பேசுவே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காவிடம் சாளை வாங்கினோம். பேச்சுவாக்கில் அம்மா விஷயத்தைச் சொல்ல, அந்த அக்கா சிரித்தார்.

“மீனு தின்னா மனசு சரியாவும்ணா, இந்தக் கரையில ஒருத்தருக்கும் கவலையே இருக்கப்பிடாதே! ஒக்கில போன எங்க அண்ணன் இன்னும் வரல்ல. அந்த வருஷம் நானும் உறங்கல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்தும் தின்னேன், மீனும் தின்னேன். ரெண்டும் வேணும் அக்கா.”

2017 நவம்பர் 30-ம் தேதி வந்த ஒக்கி புயலில், இந்த மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. தினமும் சாளை சாப்பிடும் கரையில்தான் அத்தனை துயரமும் நடந்தது. அம்மா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “டாக்டர் நம்பர் வெச்சிருக்கியா?” என்றார்.

மருத்துவரிடம் அங்கிருந்தே பேசினோம். நல்லவேளை, அவர் திட்டவில்லை. மாத்திரையை எப்படி மறுபடி தொடங்குவது என்று சொன்னார். “மீனையும் விட்டுடாதீங்கம்மா” என்றும் சேர்த்துச் சொன்னார்.

மதியம் சித்தி வீட்டில் சாளைப் புளிமுளமும் மரச்சீனிக்கிழங்கும். ரொம்ப நாள் கழித்து அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சித்தியும் அவரும் அப்பாவைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். அதுவும் மருந்துதானே!

நீங்கள் குளச்சல் போனால் விடியற்காலையில் போங்கள். சாளையைப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது. சைவர்களுக்கு ஆளி விதையும் வால்நட்டும் உண்டு. அவற்றில் இருக்கும் ஒமேகா 3-ல் சிறு பகுதியை நம் உடல் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ.-வாக மாற்றிக்கொள்ளும். மருத்துவரைக் கேட்காமல் மனநல மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மனசு கனமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவச எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.